காலைச் சாப்பாட்டுக்கு வீட்டில் புதிதாக என்ன செய்து பார்த்தீர்கள்?

முற்றத்துவேம்பு (கொக்குவில்):

வணக்கம் எல்லோருக்கும். பள்ளிக்கூடம் ஏழரைக்கு. அதற்குள் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டு முடிக்க வேண்டும், இடைவேளைக்குப் பெட்டியும் கட்ட வேண்டும். மாமிக்குச் சீனி வருத்தம். குளிசை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். இந்த அவசரத்தில் எங்கள் வீட்டில் கிழமையில் பாதி நாள் பாணும் ஜாமும், மீதி நாள் கடை இடியப்பமும் சம்பலும் என்று ஆகிவிட்டது. வயிறு நிரம்புகிறது, ஆனால் பத்து மணிக்கே பிள்ளைகளுக்குப் பசி. மாமிக்குச் சீனி இறங்குவதாக இல்லை.

அதனால் சனிக்கிழமைக் காலையைப் புதுச் சமையலுக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். வீட்டில் அதுவரை செய்யாத ஒன்று அன்றைக்கு அடுப்பில் ஏறும். எல்லோருக்கும் பிடித்தால் கிழமை நாட்களுக்கும் வரும்.

இதுவரை நிலைத்தது ஓட்ஸ். பாலும் சீனியும் போட்ட ஓட்ஸை ஒருவரும் தொடவில்லை. அதையே உப்புக் கஞ்சியாகக் காய்ச்சினால் சட்டி காலியாகிறது. ஒரு கப் ஓட்ஸுக்கு நான்கு கப் தண்ணீர். தண்ணீரில் சில உள்ளிப் பற்கள், ஒரு சிட்டிகை வெந்தயம், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுக் கொதிக்கவிட்டு, வெங்காயம் வெந்ததும் ஓட்ஸைச் சேர்க்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். பிறகு அரைக் கப் தேங்காய்ப்பால், ஒரு பிடி முருங்கையிலை, உப்பு. இறக்கி வைத்த பிறகுதான் தேசிக்காய்ப்புளி. அடுப்பில் இருக்கும்போது விட்டால் பால் திரைந்துவிடும்.

எனக்குத் தோன்றுவது என்னவென்றால், புதுச் சாமான் வீட்டுக்குத் தெரிந்த வாசத்தோடு வந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் வீடுகளில் என்ன நடக்கிறது? செய்முறையோடு எழுதுங்கள்.

---

பனையோலை (சுன்னாகம்):

பிள்ளை, முயற்சி நல்லது. ஆனால் ஓட்ஸுக்கு ஏன் போக வேண்டும்? குரக்கன் (கேழ்வரகு) இருக்கிறது, சாமை இருக்கிறது, உழுத்தம்மா இருக்கிறது, பனையில் இருந்து ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) இருக்கிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது கோதுமை மாவும் சீனியும் கிடைப்பதே அரிது. மரவள்ளியும் குரக்கனும் பனையும்தான் அப்போது குடும்பங்களைத் தாங்கின. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணி குடித்தோம். 2022இல் எரிவாயுவும் இல்லாமல் பாண் விலையும் ஏறியபோது திரும்பவும் விறகடுப்பும் கிழங்கும்தான் கைகொடுத்தன.

உங்கள் சனிக்கிழமைக்கு ஒடியல் புட்டைச் சொல்கிறேன். ஒடியல் மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து வையுங்கள். மா அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். இரண்டு மூன்று தரம் இப்படிச் செய்தால் கைப்புப் போய்விடும். பிறகு துணியில் கட்டி நன்றாகப் பிழிந்து உதிர்த்து, தேங்காய்ப்பூ, அரிந்த கீரை, பச்சை மிளகாய், உப்பு சேர்த்து நீத்துப்பெட்டியில் அவியுங்கள். மச்சம் சாப்பிடுகிறவர்கள் சின்ன இறால் போடலாம். கறியே தேவையில்லை.

---

முற்றத்துவேம்பு (கொக்குவில்):

நன்றி ஐயா, அடுத்த சனிக்கு அதுதான். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உங்களுக்கு ஒடியல் பழகிய சாப்பாடு. என் பிள்ளைகளுக்கு அது ஓட்ஸை விடத் தூரம். புழுக்கொடியல் தேங்காய்ச் சொட்டோடு தின்பார்கள், அவ்வளவுதான். குரக்கன் புட்டைக் கண்டதும் சின்னவள் கேட்டது, "ஏன் இது இந்த நிறம்?" என்று. நம் ஊரில் விளைவதெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. அதையும் புதுச் சாப்பாடாக எண்ணித்தான் பழக்க வேண்டியிருக்கிறது.

---

வெள்ளைத்தொப்பி (தாதி, யாழ்ப்பாணம்):

இந்த இழையைக் கண்டது சந்தோஷம். கிளினிக்கில் நாள்தோறும் கேட்கும் ஒரு வார்த்தை: "நான் குரக்கன்தான் சாப்பிடுகிறேன், ஆனாலும் சீனி குறையவில்லை." எவ்வளவு என்று கேட்டால், தட்டு நிறைய. அன்பான ஆட்களே, 100 கிராம் குரக்கன் மாவிலும் மாச்சத்து 65 கிராமுக்கு மேல் இருக்கிறது. அரிசியை விடக் கொஞ்சம்தான் குறைவு. அதன் பெருமை வேறு இடத்தில். நார் கூடுதல், கல்சியம் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல். வெள்ளை அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான். அதனால் குரக்கன் நல்லது, ஆனால் அளந்து.

வேம்பு, உங்கள் மாமிக்கு நான் சொல்வது: தட்டில் புட்டோ இடியப்பமோ பாதியாகட்டும். மற்றப் பாதியில் கீரை அல்லது மரக்கறி, அதோடு ஒரு முட்டை அல்லது ஒரு கிண்ணம் அவித்த பயறு. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. அதனால்தான் பசி தள்ளிப்போகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் குறைத்துவிட வேண்டாம். குளிசை அல்லது ஊசி போடுகிறவர்கள் சாப்பாட்டைப் பெரிதாக மாற்றினால் சீனி சட்டென்று கீழே இறங்கும் ஆபத்து இருக்கிறது. முதலில் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஓட்ஸுக்கு நான் எதிரி இல்லை. அதில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் இருக்கிறது. ஒரு நாளைக்கு 3 கிராம் போனால் கெட்ட கொலஸ்டிரோலைக் குறைக்க உதவும். இருதய வருத்த ஆபத்தைக் குறைக்கலாம் என்று 1997இலேயே அமெரிக்காவில் பொதியில் அச்சிட அனுமதி கொடுத்தார்கள். 3 கிராமுக்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். ஆனால் பழவாசம் போட்டுச் சின்னப் பைகளில் வருகிறதே, அதில் சீனி சேர்ந்திருக்கும். ஒன்றும் கலக்காத தட்டை ஓட்ஸை வாங்குங்கள்.

இன்னொன்று. சாப்பாட்டோடு சாயம் கூடின தேத்தண்ணி வேண்டாம். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்க அது தடை. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாறாகத் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். சொதிக்கும் கீரைக்கும் புளி விடும் நம் பழக்கத்துக்கு இந்தப் பலனும் உண்டு.

---

சூரிச் சின்னவன்:

நான் இருக்கும் ஊரில் இருந்தே ஒரு காலைச் சாப்பாட்டைச் சொல்கிறேன். மூஸ்லி என்று பெட்டியில் விற்கிறார்களே, அதைத் தொடங்கியவர் பியர்ஷர் பென்னர் என்ற வைத்தியர். 1900ஆம் ஆண்டளவில் சூரிச்சில் தன்னிடம் வந்த நோயாளிகளுக்காகச் செய்தது. அவருடைய செய்முறையில் ஓட்ஸ் ஒரு மேசைக்கரண்டிதான்! இரவே கொஞ்சத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் ஒரு முழு அப்பிளைத் தோலோடு துருவிப் போட்டு, தேசிக்காய், தகரப்பால், இடித்த கொட்டைகள். அதாவது அது பழச் சாப்பாடு. ஓட்ஸ் அதில் ஒட்டிக்கொண்ட ஆள். இன்றைக்குப் பெட்டியில் வருவது பெரும்பாலும் தலைகீழ்.

யாழ்ப்பாணத்தில் அப்பிள் தேடி அலைய வேண்டாம். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிக் கொடுத்தது இது: இரண்டு மேசைக்கரண்டி ஓட்ஸைத் தயிரில் இரவு ஊறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். காலையில் துருவிய செங்காய் மாங்காய், கொஞ்சம் பப்பாசி, வறுத்து இடித்த கச்சான். சீனி ஒரு துளியும் இல்லை. கறுத்தக்கொழும்பான் காலத்தில் இதற்கு நிகர் இல்லை. மாங்காய் இல்லாத மாதங்களில் நீர்வேலிப் பக்கத்து வாழைப்பழம். அடுப்பே வேண்டாம் என்பதால் அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

---

பாசையூர்க் காற்று:

கட்டாரில் வேலை செய்த காலத்தில் கூட இருந்த எகிப்துக்காரர்கள் காலையில் ஃபூல் இல்லாமல் வெளிக்கிட மாட்டார்கள். பெரிய அவரை விதையை இரவு முழுக்க மெல்லிய நெருப்பில் வேகவைத்து, அரைவாசி மசித்து, உள்ளி, சீரகம், தேசிக்காய், ஒலிவ் எண்ணெய் விட்டு ரொட்டியோடு சாப்பிடுவார்கள். கல்லுடைக்கிற வேலைக்கும் மதியம்வரை தாங்கும்.

அந்த விதை இங்கே கிடைக்காது. கௌபியில் செய்கிறேன். இரவு ஊறப்போட்ட கௌபியைப் பிரஷர் குக்கரில் அவித்து, அகப்பையால் அரைவாசி மசித்து, பச்சை உள்ளி ஒரு பல், வறுத்த சீரகத்தூள், பொடியாக அரிந்த தக்காளி, வெங்காயம், நிறையத் தேசிக்காய். ஒலிவ் எண்ணெய்க்குப் பதில் ஒரு கரண்டி நல்லெண்ணெய். தேங்காய்ப்பூ ரொட்டியோடு பிரமாதம். அவித்த மரவள்ளியோடும் சேரும். வீட்டுக்காரி இதில் செத்தல் மிளகாய் இடித்துப் போடுவார். அப்போது அது எகிப்தும் இல்லை, பாசையூரும் இல்லை, ஆனால் நல்லாயிருக்கும்.

கொண்டைக்கடலையை அவித்து, சூடாக இருக்கும்போதே வறுத்த வெள்ளை எள்ளு, உள்ளி, தேசிக்காயோடு பட்டுப்போல அரைத்தால் ஹமுஸ். பாணுக்குப் பட்டரும் ஜாமும் பூசுவதற்குப் பதில் இதைப் பூசலாம். பிள்ளைகளின் பெட்டிக்கு நல்லது.

---

மட்டுவில் கத்தரி:

எல்லோரும் நன்றாக எழுதுகிறீர்கள், ஆனால் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. எது வந்தாலும் அதற்குப் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுச் சம்பலாக்கிவிட்டால் பிறகு என்ன புதுச் சாப்பாடு? நாக்கு ஒரே ருசிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒருமுறையாவது அந்த ஊர் ஆட்கள் சாப்பிடுகிற மாதிரியே செய்து பாருங்கள். அதற்குப் பிறகு மாற்றுங்கள். கட்டார் அண்ணா சொன்ன ஃபூலை நான் மிளகாய் இல்லாமல் செய்தேன். முதல் வாயில் சப்பென்று இருந்தது. அப்புறம் சீரகமும் உள்ளியும் தனித்தனியாக நாக்கில் தெரிந்தன. மிளகாய் போட்டிருந்தால் அது தெரிந்திருக்காது.

அதோடு, வெளிநாட்டுச் சாப்பாட்டை விட அயல் ஊர்ச் சாப்பாட்டையே நாம் செய்து பார்ப்பதில்லை. சிங்கள வீடுகளில் காலையில் குடிக்கும் கொலகெந்த எவ்வளவு அருமை! பச்சைச் சிவப்பரிசியைக் குழைய வேகவைத்து, தேங்காய்ப்பால் விட்டு, வல்லாரை அல்லது சாத்தாவாரி இலையை அரைத்துப் பிழிந்த சாற்றைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வந்ததும் இறக்குவார்கள். நெடுநேரம் கொதித்தால் பச்சை நிறமும் போகும், வாசமும் போகும். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சூடாகக் குடிப்பது. நம் இலைக்கஞ்சிக்குப் பக்கத்து வீடு.

---

பனையோலை (சுன்னாகம்):

மட்டுவில் பிள்ளை சொன்னதில் நியாயம் உண்டு. இலைக்கஞ்சிக்கு முசுட்டை, முல்லை, தூதுவளை எல்லாம் வேலியிலேயே கிடந்தன. இப்போது வேலியெல்லாம் மதிலாகிவிட்டது. இலை வேண்டுமென்றால் சந்தைக்குப் போக வேண்டும்.

ஆனாலும் ஒரு கவலை. இறக்குமதிச் சாமானில் பிள்ளைகளைப் பழக்கினால், கப்பல் வராத நாளில் என்ன செய்வது? நாங்கள் அந்த நாளைக் கண்டவர்கள்.

---

நல்லூர் தெற்குவீதி:

ஐயா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நம்மைத் தாங்கியது என்று நீங்கள் எழுதிய மரவள்ளியும் தென்னமெரிக்காவில் இருந்து வந்தது. மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களுக்குரியதுதான். போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் ஆசியப் பக்கம் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் இங்கே உறைப்புக்கு மிளகு. பப்பாசியும் கச்சானும் அப்படித்தான். இன்றைக்கு மிளகாய் இல்லாமல் யாழ்ப்பாணத்துக் கறி உண்டா? வந்த சாமான் நம் தோட்டத்தில் விளையத் தொடங்கியதும் நம்முடையதாகிவிட்டது. அதனால் நான் பார்ப்பது, இது எந்த நாட்டில் இருந்து வந்தது என்று அல்ல, இங்கே விளையுமா, அல்லது இங்கே விளைவதை அதன் இடத்தில் வைக்கலாமா என்றுதான். ஃபூலுக்குக் கௌபி வைத்தது அதற்கு நல்ல உதாரணம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இழை முழுக்க "செய்யுங்கள், அவியுங்கள், அரையுங்கள்" என்று இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் நாலரைக்கு எழும்புவது ஒரே ஆள்தான். புதுச் சாப்பாடு என்று அந்த ஆளின் தலையில் இன்னொரு வேலையை ஏற்றினால் ஒரு மாதம் கூட ஓடாது. எங்கள் வீட்டில் பயறு, கௌபி ஊறப்போடுவதும் தேங்காய் திருவுவதும் என் வேலை. முதல் நாள் இரவே திருவிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவேன். வெங்காயம் உரிப்பது மகனின் வேலை. மனைவிக்குக் காலையில் அடுப்பு வேலை மட்டும்தான். அதுவும் முறை வைத்து. அண்ணன்மார், தம்பிமார், இதை வாசித்துவிட்டுப் போகாமல் இன்றிரவே திருவலையில் உட்காருங்கள்.

---

அரும்பு (பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி):

நான் இருப்பது வாடகை அறை. சமையலுக்கு ரைஸ் குக்கர் மட்டும். என் காலைச் சாப்பாடு முளைப்பயறு. பயறை இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து ஈரத் துணியில் கட்டித் தொங்கவிட்டால், நம் வெக்கைக்கு மறுநாள் காலையிலேயே வால் விட்டிருக்கும். ரைஸ் குக்கர் தட்டில் ஐந்து நிமிடம் அவித்து, தேங்காய்ப்பூ, துருவிய கரட், தேசிக்காய், உப்பு. தோழிகள் இதற்காகவே என் அறைக்கு வருகிறார்கள்.

சின்ன மூடியுள்ள போத்தலில் சியா விதையும் செய்கிறேன். ஒரு மேசைக்கரண்டிக்குக் கால் கப் தேங்காய்ப்பால், ஒரு துண்டு கப்பல் வாழைப்பழம் மசித்தது. இரவில் கலக்கி வைத்தால் காலையில் களி மாதிரி. சர்பத்தில் போடும் கசகசாவை (திருநீற்றுப்பச்சை விதை) பார்த்திருக்கிறவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. விலைதான் கடி.

அவகாடோ கண்டிப் பக்கத்தில் இருந்து நிறைய வரும் காலத்தில் மலிவு. எங்கள் வீட்டில் அது சீனியும் பாலும் போட்டு அடிக்கிற பழம். மெக்சிக்கோவில் உப்பும் தேசிக்காயும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து மசிப்பார்கள். மட்டுவில் அக்கா, இங்கே மிளகாய் அவர்களுடைய செய்முறையிலேயே இருக்கிறது! பாணில் பூசி மேலே அவித்த முட்டை வைத்தால் மதியம்வரை பசிக்காது.

---

வெள்ளைத்தொப்பி (தாதி, யாழ்ப்பாணம்):

அரும்பு, முளையை அவித்துச் சாப்பிடுவது மிகச் சரி. முளைகட்டும் ஈரமும் வெக்கையும் கிருமிக்கும் பிடித்தவை. சின்னப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்குப் பச்சையாகக் கொடுக்கவே வேண்டாம். சியாவை உலர்ந்தபடி விழுங்கக்கூடாது, அது தன் எடையைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு தண்ணீரை இழுக்கும். ஊறவைத்தே சாப்பிடுங்கள், அன்றைக்குத் தண்ணீரும் கூடக் குடியுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு அவகாடோவிலும் கீரையிலும் உள்ள பொட்டாசியம் பிரச்சினையாகலாம், கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எள்ளு, கச்சான் இரண்டும் சிலருக்கு ஒவ்வாது. பிள்ளைக்கு முதல் தரம் கொடுக்கும்போது ஒரு சின்னக் கரண்டி, ஒரு நேரத்தில் ஒரு புதுச் சாமான் மட்டும். அப்போதுதான் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியும்.

வேம்பு, சின்னவள் நிறத்தைக் கேட்டாள் என்றீர்கள். அதை மறுப்பாக எடுக்காதீர்கள். ஒரு புதுச் சாப்பாட்டைப் பிள்ளை ஏற்க அது பத்துத் தடவைக்கு மேலும் தட்டில் வர வேண்டியிருக்கும். கட்டாயப்படுத்தாமல், பிடித்த சாப்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிட்டிகை வைத்துக்கொண்டே இருங்கள். பெரியவர்கள் அதே தட்டில் இருந்து ரசித்துச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். குரக்கனை முதலில் ரொட்டியாகக் கொடுங்கள்: அரைவாசி குரக்கன் மா, அரைவாசி ஆட்டா மா, தேங்காய்ப்பூ, துருவிய கரட், வெங்காயம். அடுத்தடுத்து குரக்கனைக் கூட்டலாம்.

---

முற்றத்துவேம்பு (கொக்குவில்):

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒடியல் புட்டு இன்று செய்தோம் ஐயா. மாமி தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். அவரின் அம்மா இறாலும் முருங்கையிலையும் போட்டுச் செய்வாராம். பெரியவன் இறாலை மட்டும் பொறுக்கினான், சின்னவள் ஒரு வாய். மட்டுவில் தங்கச்சி சொன்னபடி மிளகாய் போடாமல் ஒரு ஃபூல், அதற்கடுத்த சனிக்கு.

ஒரு கேள்வி. தாதி அக்கா சொன்ன ரொட்டிக்குக் கடையில் வாங்கிய குரக்கன் மாவில் பல்லில் மண் கடிக்கிறது. அரித்தாலும் மாவில் இருந்து மண் போகாது. என்ன செய்கிறீர்கள்?

---

பனையோலை (சுன்னாகம்):

மா வாங்காதீர்கள் பிள்ளை, முழுக் குரக்கன் வாங்குங்கள். சந்தையில் கையில் அள்ளிப் பார்த்து, பூச்சி மணம் இல்லாததாக எடுங்கள். வீட்டில் ஒரு பெரிய சட்டியில் தண்ணீர் விட்டுக் கையால் சுழற்றி, மிதக்கும் உமியை ஊற்றிவிடுங்கள். பிறகு இரண்டு சட்டி வைத்து, ஒன்றில் இருந்து மற்றதுக்குத் தண்ணீரோடு தானியத்தை மெல்லச் சரியுங்கள். மண் பாரம், அடியில் தங்கிவிடும். சட்டி அடியில் மண் தெரியாமல் போகும்வரை திரும்பத் திரும்ப அரிக்க வேண்டும்.

நேரம் இருந்தால் அரித்ததை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி ஒரு நாள் முளைக்க விடுங்கள். இரும்பையும் கல்சியத்தையும் பிடித்து வைத்திருக்கும் பொருள் முளைக்கும்போது குறையும், மாவும் இனிப்பாக இருக்கும். பாயில் பரப்பி நல்ல வெயிலில் காயவைத்து, சட்டியில் லேசாக வறுத்து, ஆறியதும் மில்லுக்குக் கொண்டுபோங்கள். மிளகாய் அரைக்கும் இயந்திரத்தில் போட வேண்டாம் என்று முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகளின் ரொட்டி உறைக்கும். ஒரு கிலோவுக்கு மேல் அரைக்காதீர்கள். தானியமாக வைத்தால் நெடுநாள் இருக்கும், மாவாக வைத்தால் பழுதாகும்.